வாசகர் கேள்வி – பதில்: அபாஸ்ட்ரஃபி எங்கே விழும், எங்கே விழாது?

ஆங்கிலம் எழுதும்போது எழும் ஐயங்களை அனுப்பலாம் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறியைப் பற்றியவை: எழுத்தின் தலைமாட்டில் கமாவைப் போலத் தொங்கும் அபாஸ்ட்ரஃபி. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்தில் தந்து, குறி விழும் இடத்தில் ’ என்ற அடையாளத்தை இட்டிருக்கிறேன். இந்தக் குறிக்குத் தனி ஒலி கிடையாது. எனவே எடுத்துக்காட்டுகளை வாய்விட்டுப் படிப்பதைவிட உற்றுப் பார்த்துப் படிப்பதே பயன் தரும்.

கேள்வி: “பூனையின் வால்” என்பதற்கு “கேட்’ஸ் டெயில்” என்று குறியோடு எழுதுகிறோம். ஆனால் “அதன் வால்” என்ற பொருளில் மகள் “இட்’ஸ் டெயில்” என்று எழுதியதை ஆசிரியை அடித்துத் திருத்தியிருக்கிறார். பூனையின் வாலுக்கு உண்டு, அதன் வாலுக்கு இல்லை என்றால் எப்படி?

பதில்: ஆசிரியை திருத்தியதே சரி. ஆனாலும் உங்கள் மகள் தடுமாறியதில் வியப்பில்லை, ஏனென்றால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே மிக அதிகமாகத் தவறும் இடம் இதுதான். இதற்கான விளக்கம் தமிழிலேயே இருக்கிறது. “கண்ணன்” என்ற பெயருக்கு உடைமைப் பொருள் தர வேண்டுமானால் “கண்ணனுடைய” என்று உருபு சேர்க்கிறோம். “நான்” என்ற சொல்லுக்கு அப்படி நேராகச் சேர்ப்பதில்லை. “நான்” என்பதே “என்” என்று திரிந்து, “என் வீடு” என்று தனியாக நின்றே உடைமையைச் சொல்லிவிடுகிறது. “நீ” என்பது “உன்” ஆவதும் இவ்வாறே. ஆங்கிலத்திலும் பெயர்ச்சொல்லுக்கு வெளியிலிருந்து ஓர் உருபைச் சேர்க்க வேண்டியிருக்கிறது, அந்த உருபுக்குத்தான் குறி வருகிறது. பிரதிப்பெயர்களோ தாமே உருமாறிவிடுகின்றன. “ஹீ” என்பது “ஹிஸ்” ஆகிறது, “ஷி” என்பது “ஹெர்” ஆகிறது, “இட்” என்பது “இட்ஸ்” ஆகிறது. “ஹிஸ்” என்ற சொல்லின் நடுவில் குறியிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. “இட்ஸ்” அதன் உடன்பிறப்பு என்று மகளிடம் சொல்லுங்கள். “ஹெர்ஸ்”, “அவர்ஸ்”, “யுவர்ஸ்”, “தெயர்ஸ்” எல்லாம் அதே குடும்பம், ஒன்றுக்கும் குறி கிடையாது.

குறியோடு வரும் “இட்’ஸ்” வேறு சொல். அது “இட் இஸ்” அல்லது “இட் ஹாஸ்” என்பதன் சுருக்கம். ஐயம் வரும்போதெல்லாம் சுருக்கத்தை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். “இட்’ஸ் ரெய்னிங்” என்பதை “இட் இஸ் ரெய்னிங்” என்று விரித்தால் வாக்கியம் நிற்கிறது, எனவே குறி வேண்டும். “தி கேட் லிக்ட் இட்ஸ் டெயில்” என்பதை “இட் இஸ் டெயில்” என்று விரித்தால் வாக்கியம் சிதைந்துபோகிறது, எனவே குறி கூடாது. இதே சோதனை “ஹூஸ்” என்ற சொல்லுக்கும் பொருந்தும். “ஹூ இஸ்” என்று விரிந்தால் குறியோடு எழுத வேண்டும். “யாருடைய” என்ற பொருளானால் குறியில்லாமல், கடைசியில் ஈ என்ற எழுத்தோடு முடியும் வேறு சொல்லை எழுத வேண்டும். “உங்கள்” என்ற பொருளில் வரும் “யுவர்”, “அவர்களுடைய” என்ற பொருளில் வரும் “தெயர்” ஆகியவற்றையும், “யூ ஆர்”, “தே ஆர்” என்பவற்றின் சுருக்கங்களையும் பிரித்தறிய இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஒரேயொரு எச்சரிக்கை: “சம்படி’ஸ்”, “எவ்ரிபடி’ஸ்”, “ஒன்’ஸ்” போன்றவை பெயர்ச்சொல்லைப் போலவே உருபேற்பதால் அவற்றுக்குக் குறி உண்டு.

இன்னொன்றையும் மகளிடம் சொல்லலாம். அவள் எழுதியது ஒரு காலத்தில் படித்தவர்கள் எழுதியதே. “இட்ஸ்” என்ற உடைமைச் சொல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஆங்கிலத்தில் தலைகாட்டியது. அதற்கு முன் அஃறிணைக்கும் “ஹிஸ்” என்பதே வழங்கியது. புதிதாக வந்த சொல்லைப் பலரும் குறியோடுதான் எழுதினார்கள். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் மூலப்படியில், முதல் பிரிவின் பத்தாம் உட்பிரிவில், மாநிலங்களின் சோதனைச் சட்டங்களைப் பற்றிப் பேசும் இடத்தில் உடைமைப் பொருளில் “இட்’ஸ்” என்று குறியோடுதான் இருக்கிறது. வழக்கு பிறகு மாறி நிலைபெற்றுவிட்டது. இன்று அப்படி எழுதினால் பிழைதான்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒட்டிய அறிவிப்பு இது: “தி கம்பெனி ஹாஸ் கம்ப்ளீட்டட் இட்’ஸ் டென்த் இயர். ஆல் எம்ப்ளாயீ’ஸ் ஆர் ரிக்வெஸ்டட் டு கலெக்ட் தெயர் கார்ட்’ஸ் ஃப்ரம் தி மேனேஜர்ஸ் ரூம்.” ஏதோ உறுத்துகிறது, எது என்று சொல்லத் தெரியவில்லை.

பதில்: உங்களை உறுத்தியது ஒன்றல்ல, நான்கு. வேண்டாத மூன்று இடங்களில் குறி விழுந்திருக்கிறது, வேண்டிய ஒரே இடத்தில் விழவில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாக்கியத்தில் இருக்கும் “இட்’ஸ்” மேலே சொன்ன பிழை. நிறுவனம் “அதனுடைய” பத்தாம் ஆண்டை முடித்திருக்கிறது, எனவே குறி வேண்டாம். அடுத்தது “எம்ப்ளாயீ’ஸ்”. இங்கே ஊழியருக்கு உரியதாக ஏதேனும் சொல்லப்படுகிறதா? இல்லை, ஊழியர்கள் பலர் என்று மட்டும்தான் சொல்லப்படுகிறது. பன்மைக்குக் குறி கிடையாது. “கார்ட்’ஸ்” என்பதும் அவ்வாறே. அட்டைகள் பல, அவ்வளவுதான். மீதமிருப்பது “மேனேஜர்ஸ் ரூம்”. வாக்கியத்தில் உண்மையாகவே உடைமை இருக்கும் இடம் இது ஒன்றுதான், இங்கே “மேனேஜர்’ஸ் ரூம்” என்று இருக்க வேண்டும்.

அறிவிப்பை எழுதியவர் பொருளைப் பார்க்காமல் எஸ் என்ற எழுத்தைப் பார்த்திருக்கிறார். சொல்லின் கடைசியில் எஸ் வந்துவிட்டால் குறியும் வர வேண்டும் என்று கை பழகிவிடுகிறது. நான் பல ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவன். என் சிவப்பு மை அதிகமாகச் செலவானது இந்தப் பழக்கத்தைத் திருத்துவதில்தான். பிரிட்டனில் இதற்குக் “காய்கறிக் கடைக்காரரின் அபாஸ்ட்ரஃபி” என்றே பெயர். தக்காளிகள், ஆப்பிள்கள் என்று பன்மையில் எழுதும் விலைப்பலகைகளில் தேவையில்லாத குறி தொங்குவதால் வந்த பெயர் அது. கடைக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்பது என் எண்ணம், பட்டம் பெற்றவர்களின் கடிதங்களிலும் இதே பிழையைப் பார்த்திருக்கிறேன்.

சுருக்கெழுத்துகளின் பன்மைக்கும் குறி வேண்டாம்: “சிடிஸ்” என்று எழுதினால் போதும். பத்தாண்டுகளைச் சொல்லும் “1990ஸ்” என்பதற்கும் இன்றைய வழக்கில் குறி இல்லை. பழைய அச்சுகளில் குறியோடு கண்டால், அது அக்கால மரபு என்று கொள்ளுங்கள். தனிச் சிறிய எழுத்துகளைப் பன்மையாக்கும்போது மட்டும் குறியிடுவதைப் பலரும் ஏற்கிறார்கள். ஏ என்ற எழுத்தோடு எஸ்ஸை ஒட்டினால் “ஆஸ்” அல்லது “ஏஸ்” என்று வேறு சொல்லாகப் படித்துவிடக்கூடும் என்பதே காரணம்.

கேள்வி: “டோன்’ட்”, “டஸின்’ட்” போன்ற சொற்களில் குறி என் என்ற எழுத்துக்கு முன்னா, பின்னா? ஒவ்வொரு முறையும் குழம்புகிறேன்.

பதில்: என்னுக்குப் பின். இரண்டு சொற்கள் ஒட்டும் இடத்தில் குறி விழும் என்று பலர் நினைப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. குறி விழுவது சொற்கள் ஒட்டும் இடத்தில் அல்ல, எழுத்து விழுந்த இடத்தில். “டூ நாட்” என்பதில் “டூ” முழுதாக நிற்கிறது, “நாட்” என்பதன் நடுவே இருந்த ஓ விழுந்துவிட்டது. என், டி ஆகிய இரண்டு எழுத்துகளுக்கும் இடையே இருந்த அந்த ஓவின் இருக்கையில்தான் அபாஸ்ட்ரஃபி உட்காருகிறது. “இஸின்’ட்”, “ஹாஸின்’ட்”, “உடின்’ட்” எல்லாவற்றிலும் விழுந்தது அந்த ஓ ஒன்றே.

“வோன்’ட்” மட்டும் ஏன் “வில்” என்பதைப் போல இல்லை என்று கேட்பவர்களுக்கு: “வில்” என்பதற்கு இடைக்கால ஆங்கிலத்தில் “வோல்” என்றொரு வடிவமும் வழங்கியது, அது “நாட்” உடன் சேர்ந்து சுருங்கியதே இன்றைய “வோன்’ட்”. “ஷான்’ட்” என்பதில் “ஷால்” என்பதன் இரண்டு எல்களும் விழுந்தன, ஓவும் விழுந்தது. அதனால் முற்காலத்தில் அதை இரண்டு குறிகளோடு எழுதியவர்களும் உண்டு. “ஓ’க்ளாக்” என்பது “ஆஃப் தி க்ளாக்” என்ற தொடரின் எச்சம். அதில் ஒரு முழுச் சொல்லே அந்தச் சிறு குறிக்குள் மறைந்திருக்கிறது.

விண்ணப்பம், அலுவலகக் கடிதம், ஆய்வுரை போன்றவற்றில் இத்தகைய சுருக்கங்களை விரித்தே எழுதுங்கள். “டோன்’ட்” பேச்சின் சாயலுள்ள சொல்.

கேள்வி: ஒரு மாணவனா, பல மாணவர்களா என்பதைப் பொறுத்துக் குறியின் இடம் மாறும் என்கிறார்கள். “சில்ரன்” என்பதற்கு எந்தப் பக்கம் இடுவது? விதியை மனப்பாடம் செய்தாலும் எழுதும்போது மறந்துவிடுகிறது.

பதில்: மறந்துபோவதற்குக் காரணம், விதி தலைகீழாகச் சொல்லித்தரப்படுவதுதான். “ஒருமையானால் எஸ்ஸுக்கு முன், பன்மையானால் எஸ்ஸுக்குப் பின்” என்று சொல்லித் தருகிறார்கள். அந்த விதி “சில்ரன்” என்ற சொல்லைக் கண்டதும் கைவிட்டுவிடுகிறது. அதற்குப் பதிலாக இப்படிச் செய்து பாருங்கள். உடையவர் யார் என்பதை முதலில் முழுச் சொல்லாக எழுதுங்கள். எழுதி முடித்த இடத்தில் குறியை இடுங்கள். அதன்பின் எஸ் தேவையா என்று பாருங்கள்.

ஒரு பையனின் பள்ளி என்றால் உடையவன் “பாய்”. எழுதியாயிற்று, குறியிடுகிறோம், எஸ் சேர்க்கிறோம்: “பாய்’ஸ் ஸ்கூல்”. பல பையன்களின் பள்ளி என்றால் உடையவர்கள் “பாய்ஸ்”. சொல் எஸ்ஸில் முடிந்துவிட்டது, குறியிடுகிறோம், இன்னோர் எஸ் தேவையில்லை: “பாய்ஸ்’ ஸ்கூல்”. குழந்தைகளின் நூலகம் என்றால் உடையவர்கள் “சில்ரன்”. அச்சொல் எஸ் இல்லாமலேயே பன்மை, எனவே முழுதாக எழுதி, குறியிட்டு, எஸ்ஸைச் சேர்க்க வேண்டும்: “சில்ரன்’ஸ் லைப்ரரி”. “மென்’ஸ்”, “விமின்’ஸ்”, “பீப்பிள்’ஸ்” ஆகியவையும் இவ்வாறே. குழந்தைகளுக்கான ஒரு போட்டியின் சான்றிதழில் “சில்ரன்ஸ்’” என்று எஸ்ஸுக்குப் பின் குறியிட்டு அச்சாகியிருந்ததை ஒருமுறை பார்த்தேன். ஆங்கிலத்தில் “சில்ரன்ஸ்” என்றொரு சொல்லே கிடையாது. இல்லாத ஒரு சொல்லைக் குழந்தைகளின் பரிசிலேயே அச்சடித்துக் கொடுத்தது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

இந்த இடப்பெயர்ச்சி சிறியதாகத் தோன்றினாலும் பொருளை அடியோடு மாற்றும். “மை பிரதர்’ஸ் ஹவுஸ்” என்றால் ஒரு சகோதரரின் வீடு. “மை பிரதர்ஸ்’ ஹவுஸ்” என்றால் சகோதரர்கள் பலருக்கும் பொதுவான வீடு. இரண்டும் ஒலியில் ஒன்றே. பேசும்போது இந்த வேறுபாட்டைச் சூழல்தான் காட்ட வேண்டும், எழுத்தில் மட்டுமே ஆங்கிலத்தால் இதைத் தெளிவாகச் சொல்ல முடிகிறது. சொத்துப் பத்திரம் எழுதுகிறவர்கள் இந்தக் குறியை அலட்சியமாக நினைக்கக் கூடாது.

காலத்தைச் சொல்லும் தொடர்களும் இந்த முறைக்குள் அடங்கும். ஒரு வார முன்னறிவிப்பு “ஒன் வீக்’ஸ் நோட்டீஸ்”, இரண்டு வார முன்னறிவிப்பு “டூ வீக்ஸ்’ நோட்டீஸ்”. பணி விலகல் கடிதங்களில் இந்தத் தொடர் அடிக்கடி வருவதால் குறிப்பாகச் சொல்கிறேன்.

கேள்வி: பெயரே எஸ்ஸில் முடிந்தால்? “ஜேம்ஸ்” என்ற நண்பரின் புத்தகத்தை எப்படி எழுதுவது?

பதில்: “ஜேம்ஸ்’ஸ் புக்” என்று குறியும் எஸ்ஸும் சேர்த்து எழுதலாம், “ஜேம்ஸ்’ புக்” என்று குறியோடு நிறுத்தியும் எழுதலாம். புத்தகப் பதிப்பாளர்கள் பெரிதும் பின்பற்றும் சிகாகோ நடைக் கையேடு முதல் முறையைச் சொல்கிறது. செய்தித்தாள்களுக்கான அசோசியேட்டட் பிரஸ் கையேடு இரண்டாவதைச் சொல்கிறது. லண்டனில் இருக்கும் பூங்காவின் பெயர் எஸ்ஸோடு கூடிய “செயின்ட் ஜேம்ஸ்’ஸ் பார்க்”. நியூகாசில் அணியின் கால்பந்து மைதானத்தின் பெயர் குறியோடு நின்றுவிடும் “செயின்ட் ஜேம்ஸ்’ பார்க்”. 2006இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கான்சாஸ் மாநிலச் சட்டம் ஒன்றைப் பற்றி அளித்த தீர்ப்பில், பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி தாமஸ் “கான்சாஸ்’” என்று குறியோடு நிறுத்த, மறுப்புத் தீர்ப்பை எழுதிய நீதிபதி சூட்டர் எஸ்ஸையும் சேர்த்து எழுதினார். ஒரே வழக்கில், ஒரே மாநிலத்தின் பெயரை இருவரும் இரு வகையாக எழுதியும் இரண்டும் பிழையாகக் கொள்ளப்படவில்லை.

என் விருப்பம் முதல் முறை. நாம் “ஜேம்ஸஸ்” என்று இரண்டு முறை எஸ் ஒலித்தே பேசுகிறோம், பேசுவதை எழுதுவதே இயல்பு. ஜீசஸ், மோசஸ் போன்ற பழம்பெயர்களுக்குக் குறியோடு நிறுத்தும் நெடுநாள் வழக்கமும் உண்டு. எதைத் தேர்ந்தாலும், ஒரே கட்டுரைக்குள் மாற்றி மாற்றி எழுதாதீர்கள்.

கேள்வி: எழுத்து விடுபட்டதைக் காட்டும் குறியும் உடைமையைக் காட்டும் குறியும் ஒன்றாக இருப்பது ஏன்? தனித்தனிக் குறிகள் வைத்திருந்தால் இத்தனை குழப்பம் இருக்காதே?

பதில்: இரண்டும் தொடக்கத்தில் ஒரே வேலைதான். “அபாஸ்ட்ரஃபி” என்ற பெயர் “அப்பால் திரும்பியது” என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. எழுத்து ஒன்று விலகிப் போனதைக் காட்டும் அடையாளம் அது. பிரெஞ்சு அச்சுக்கலையில் இதைப் புகுத்தியவராக ழோஃப்ருவா தோரியைச் சொல்வார்கள், ஆண்டு 1529. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் மற்றோர் உயிர் கெடும்போது பிரெஞ்சில் இந்தக் குறியை இட்டார்கள். அதே நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்கும் வந்தது.

பழைய ஆங்கிலத்தில் உடைமையைக் காட்ட, பல பெயர்ச்சொற்களின் இறுதியில் ஈ, எஸ் என்ற இரண்டெழுத்து உருபு வந்தது. ஜெர்மனில் இன்றும் “அந்த மனிதனுடைய” என்பது “டெஸ் மானெஸ்” என்று அந்த ஈயோடுதான் வருகிறது, குறியும் இல்லை. ஆங்கிலத்தில் அந்த ஈயின் ஒலி காலப்போக்கில் தேய்ந்து மறைந்தது. மறைந்த ஈக்குப் பதிலாக இட்ட குறியே இன்று நாம் உடைமைக் குறி என்று அழைப்பது. அது மெல்ல மெல்ல, ஈ ஒருபோதும் இல்லாத சொற்களுக்கும் பரவி, உடைமையின் அடையாளமாகவே மாறிவிட்டது. ஒருமைக்கு இந்த வழக்கம் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரூன்றியது. எஸ்ஸுக்குப் பின் இடும் பன்மைக் குறி ஊன்றியது அதற்கும் ஒரு நூற்றாண்டு கழித்துத்தான்.

இடையில் ஒரு தவறான விளக்கமும் உலவியது. “தி கிங்’ஸ் க்ரவுன்” என்பது “தி கிங் ஹிஸ் க்ரவுன்” என்பதன் சுருக்கம், அதாவது “அரசன், அவன் மகுடம்” என்பதே சுருங்கியது என்று பலர் நம்பினார்கள், அப்படியே விரித்தும் எழுதினார்கள். அரசியின் மகுடத்தை எடுத்துக்கொண்டாலே இந்த விளக்கம் உடைந்துவிடும்: “குயின் ஹிஸ்” என்று யாரும் சொல்லியிருக்க முடியாது, “குயின் ஹெர்” என்பது எஸ்ஸில் முடியாது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். புணர்ச்சியில் தோன்றல், திரிதல், கெடுதல் என்ற மூன்று விகாரங்களைப் படித்திருப்பீர்கள். “மரம்” என்பதோடு “வேர்” சேர்ந்து “மரவேர்” ஆகும்போது மகர மெய் கெடுகிறது. அதே சொல் “மரத்தினது வேர்” என்று விரியும் ஆறாம் வேற்றுமைத் தொகையும்கூட. எழுத்துக் கெடுவதும் உடைமை நிற்பதும் அந்த ஒரே இடத்தில் நிகழ்கின்றன, நாமோ அங்கே குறி எதுவும் இடுவதில்லை. ஆங்கிலம் அந்த இடத்தில் ஓர் அடையாளத்தை நட்டுவைத்திருக்கிறது, அவ்வளவே வேறுபாடு.

கேள்வி: பெயர்ப்பலகைகளில் குறி சில இடத்தில் இருக்கிறது, சில இடத்தில் இல்லை. விதி இருந்தால் பெயர்களுக்கும் பொருந்த வேண்டாமா?

பதில்: பெயர்கள், வைத்தவர் எழுதியபடியே நிற்பவை. லண்டன் சுரங்க ரயிலின் பிக்காடில்லி தடத்தில் “ஏர்ல்’ஸ் கோர்ட்” நிலையத்துக்குக் குறி உண்டு, அதற்கு அடுத்த “பாரன்ஸ் கோர்ட்” நிலையத்துக்கு இல்லை. அமெரிக்காவில் 1890இல் அமைக்கப்பட்ட புவியியல் பெயர்கள் வாரியம், இயற்கையான இடங்களின் பெயர்களில் உடைமைக் குறியைத் தவிர்ப்பதையே கொள்கையாக வைத்திருக்கிறது. நாடு முழுவதற்கும் அது விதிவிலக்கு அளித்த பெயர்கள் ஐந்தே. அவற்றுள் முதலாவது 1933இல் குறியைத் திரும்பப் பெற்ற “மார்த்தா’ஸ் வினியார்ட்” தீவு. ஆகவே பெயரை எழுதும்போது உங்கள் இலக்கண அறிவைப் பயன்படுத்தாமல், அந்த நிறுவனமோ ஊரோ எழுதுவதைப் பார்த்து அப்படியே எழுதுங்கள்.

குறி இல்லாதவை எல்லாம் கவனக்குறைவும் அல்ல. “டீச்சர்ஸ் காலேஜ்” என்று குறியின்றி எழுதும்போது, “ஆசிரியர்களுக்கு உடைமையான கல்லூரி” என்பதைவிட “ஆசிரியர்களுக்கான கல்லூரி” என்ற பொருளே முன்னிற்கிறது. முதல் சொல் அங்கே உடையவரைக் குறிக்காமல் அடைமொழியாக நிற்கிறது. உருபு மறைந்து நிற்கும் நம் தொகைச்சொல்லைப் போன்றது இது. அமெரிக்காவின் “வெட்டரன்ஸ் டே” இந்த முறையில்தான் குறியின்றி எழுதப்படுகிறது.

அன்னையர் தினமோ இதற்கு நேர்மாறு. அமெரிக்காவில் அதற்காகப் பாடுபட்ட அன்னா ஜார்விஸ், “மதர்’ஸ் டே” என்று எஸ்ஸுக்கு முன்பே குறி வர வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். உலகத்துத் தாய்மார்கள் எல்லோருக்குமான பொதுவிழாவாக அதை அவர் கருதவில்லை. ஒவ்வொருவரும் தம்முடைய ஒரே தாயை நினைக்கும் நாளாகவே கருதினார். 1914இல் அதிபர் வில்சன் அந்த நாளை அறிவித்த பிறகும் ஒருமை வடிவமே நிலைத்தது. ஒருவர் தம் மனத்தில் இருந்ததை ஒரு குறியின் இடத்தைக் கொண்டே சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. தமிழில் நாம் “அன்னையர்” என்று பன்மையில் பெயர்த்துக்கொண்டபோது அந்த நுட்பம் விடுபட்டுவிட்டது.

கேள்வி: “எ ஃபோட்டோ ஆஃப் மை ஃபாதர்” என்று எழுதினேன். அதிகாரி “ஃபாதர்’ஸ்” என்று திருத்தினார். “ஆஃப்” இருக்கும்போது குறியும் எதற்கு?

பதில்: இரண்டும் சரியான ஆங்கிலமே, பொருள் மட்டும் வேறு. நீங்கள் எழுதியது, உங்கள் தந்தையின் உருவம் பதிந்த படம். அதிகாரி எழுதியது, உங்கள் தந்தையிடம் இருக்கும் படங்களில் ஒன்று. அதில் இருப்பது யாராகவும் இருக்கலாம். தமிழில் “அப்பாவின் படம்” என்றால் இரண்டு பொருளும் கலந்தே வரும். படத்தில் இருப்பவர் உங்கள் தந்தை என்றால், நீங்கள் எழுதியதே இருக்கட்டும் என்று பணிவோடு சொல்லுங்கள்.

இருவருக்குப் பொதுவான உடைமையைப் பற்றி வேறொரு வாசகர் கேட்டிருக்கிறார். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். “டாம் அண்ட் மேரி’ஸ் ஹவுஸ்” என்றால் இருவருக்கும் சேர்த்து ஒரு வீடு, எனவே கடைசிப் பெயருக்கு மட்டும் குறி. “டாம்’ஸ் அண்ட் மேரி’ஸ் ஹவுஸஸ்” என்றால் ஆளுக்கொரு வீடு.

கேள்வி: கணினியில் தட்டும்போது குறி சில நேரம் நேராகவும், சில நேரம் வளைந்தும், சில நேரம் திரும்பியும் விழுகிறது. எது சரி?

பதில்: நேரான குறி தட்டச்சுப்பொறி விட்டுச்சென்றது, விசைகளைச் சிக்கனப்படுத்த, திறக்கும் மேற்கோளுக்கும் மூடும் மேற்கோளுக்கும் அபாஸ்ட்ரஃபிக்கும் ஒரே விசையை வைத்தார்கள். மின்னஞ்சலில் அது போதும். அச்சுக்குப் போகும் எழுத்தில் வளைந்த குறி வேண்டும், அதன் வடிவம் 9 என்ற எண்ணைப் போல, அதாவது கமாவையே தூக்கி மேலே வைத்ததைப் போல இருக்க வேண்டும்.

திரும்பி விழுவது சொல்லின் தொடக்கத்தில்தான். 1990களைச் சுருக்கி ’90ஸ் என்று தட்டினால், நீங்கள் மேற்கோளைத் திறப்பதாகச் சொற்செயலி எண்ணிக்கொண்டு 6 என்ற எண்ணைப் போன்ற குறியை இட்டுவிடும். எழுத்து விழுந்ததைக் காட்டும் குறி எங்கே வந்தாலும் 9 வடிவமே. குறியை இரண்டு முறை தட்டி, முதலில் விழுந்ததை மட்டும் அழித்துவிட்டால் சரியானது தங்கும்.

“ஓ’பிரையன்” போன்ற அயர்லாந்துப் பெயர் கொண்டவர்களின் விவரத்தைப் படிவத்தில் ஏற்றும்போதும் இந்தக் குறியை விட்டுவிடாதீர்கள். தரவுத்தளங்களுக்கான எஸ்க்யூஎல் மொழியில் ஒற்றை மேற்கோள் குறி ஒரு சரத்தின், அதாவது எழுத்துத் தொடரின், முடிவைக் குறிப்பதால், கவனமின்றி எழுதப்பட்ட மென்பொருள் இத்தகைய பெயரைப் பாதியில் முடிந்ததாகக் கருதி ஏற்க மறுக்கும். பிழை பெயரில் இல்லை, மென்பொருளில்தான் இருக்கிறது. குறியை நீக்கிப் பதிவு செய்யாமல், மென்பொருளைப் பராமரிப்பவரிடம் சொல்லித் திருத்தச் செய்யுங்கள்.